பரணிலிருந்து இறங்கிய பம்பு ஸ்டவ்: வாஷர் மாற்றி எரியவைக்கும் முறை

குடியாத்தத்தில் பாட்டி வீட்டைக் காலி செய்த அன்று பரணிலிருந்து இறங்கிய சாமான்களோடு ஒரு பித்தளைப் பம்பு ஸ்டவ்வும் இறங்கியது. பழைய பாத்திரம் எடுப்பவர் அதைத் தராசுத் தட்டில் வைத்தே விட்டார். பம்புக் குமிழைப் பிடித்து இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். கையில் கொஞ்சமும் தடை தெரியவில்லை. கிணற்றில் விட்ட கயிறுபோல வழுக்கிக்கொண்டு இறங்கியது. "இது எடைக்குத்தான் ஆகும் சார்" என்றார் அவர். நான் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் அதே ஸ்டவ் நீலச் சுடரோடு இரைந்தது. மாற்றியது ஒரு தோல் வாஷர், இரண்டு ரப்பர் துண்டுகள், ஓர் ஈய வளையம், அவ்வளவுதான்.

இந்த ஸ்டவ்கள் எடைக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. பித்தளைத் தொட்டி அறுபது வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும். காய்வதும் சுருங்குவதும் வாஷர்கள்தான். அதிலும் முக்கியமான வாஷர் தோலால் ஆனது. தோலுக்குப் பேர்போன வட ஆற்காட்டில் இருந்துகொண்டு ஒரு ரூபாய்க் காசு அளவு தோல் துண்டு இல்லாமல் ஸ்டவ்வை எடைக்குப் போடுவதை ஏற்க முடியவில்லை. இதுவரை ஸ்டவ்வைக் கழற்றியே பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1892இல் ஸ்வீடனில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் ஸ்டவ்தான் இவற்றுக்கெல்லாம் மூலம். 1911இல் அமுண்ட்சென் தென் துருவத்துக்குப் போனபோதும், 1953இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறியபோதும் பனியை உருக்கித் தண்ணீராக்கியது இந்த வகை ஸ்டவ்தான். உம்ராவ் போன்ற நம் நாட்டு ஸ்டவ்களும் அதே அமைப்புதான். ஒன்றைக் கழற்றிப் பழகினால் மற்றவற்றில் கை தானாக ஓடும்.

வேலை செய்யும் விதம் எளியது. தொட்டியில் மண்ணெண்ணெய், எங்கள் பக்கத்துச் சொல்லில் கிருஷ்ணாயில். பம்பு அடித்தால் அதன்மேல் காற்றழுத்தம் ஏறும். அழுத்தம் எண்ணெயை நடுக்குழாய் வழியாக பர்னருக்குத் தள்ளும். பர்னர் ஏற்கெனவே சூடாக இருந்தால் எண்ணெய் அங்கே ஆவியாகி, பர்னரின் நடுவில் உள்ள நிப்பிள் என்ற சிறு முனையின் மயிரிழைத் துளை வழியே சீறி வந்து, காற்றோடு கலந்து நீலமாக எரியும். அந்தத் துளை ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர். அழுத்தம் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைப்பதுதான் நம் வேலை முழுவதும்.

கசியக்கூடிய இடங்கள் நான்கு. பம்புக் கம்பியின் நுனியில் கிண்ணம்போல இருக்கும் தோல் வாஷர்; எண்ணெய் ஊற்றும் மூடிக்கு அடியில் உள்ள வாஷர்; பம்புக் குழாயின் அடியில் காற்றை உள்ளே விட்டுத் திரும்ப வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு; பர்னர் குழாயோடு சேரும் இடத்தில் உள்ள ஈய வாஷர். இதே வரிசையில் பாருங்கள். முதல் இரண்டு மலிவு, எளிது. பாதி ஸ்டவ்கள் அந்த இரண்டிலேயே சரியாகிவிடும்.

கழற்றுவதற்கு முன்

தொட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பாகம் வெளியே உப்பியிருந்தாலோ, பொருத்தில் விரிசல் இருந்தாலோ, பழைய பற்றவைப்பு மேல் மறுபடி பற்றவைத்திருந்தாலோ அந்த ஸ்டவ்வை எரிக்காதீர்கள். துலக்கி அலமாரியில் வையுங்கள். ஸ்டவ் வெடித்து உயிர் போன செய்திகளைப் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அழுத்தம் தாங்காத தொட்டியோடு விளையாடக் கூடாது. இரும்புத் தொட்டியானால் உள்ளே டார்ச் அடித்துத் துரு பார்க்க வேண்டும். துரு செதில் செதிலாக உதிர்ந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

பழைய எண்ணெய் உள்ளே கோந்துபோல ஒட்டியிருக்கும். புதிய மண்ணெண்ணெய் கால் லிட்டர் ஊற்றி, ஒரு கை புழுங்கல் அரிசியும் போட்டுக் குலுக்கிக் கொட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். அரிசி ஒன்றுகூட உள்ளே தங்காமல் எண்ணிக்கை பார்ப்பதுபோல உதறி எடுங்கள். வெளிப்பக்கம் புளி போதும். ஆனால் புளித்தண்ணீரில் இரவு முழுவதும் ஊறப்போடாதீர்கள். அமிலம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை இழுத்துவிடும். அந்த இடம் செம்பு நிறத்தில் வெளிறித் தெரியும், உலோகமும் பலவீனப்படும். தேய்த்துப் பத்து நிமிடத்தில் கழுவுவதே சரி.

தோல் வாஷர்

பம்புக் குழாயின் மேல்மூடியைத் திருகிக் கழற்றுங்கள். கம்பியோடு சேர்ந்து வெளியே வரும். நுனியில் ஒரு சிறு நட்டு, ஒரு பித்தளை வட்டத் தகடு, அதை ஒட்டித் தோல் கிண்ணம். பாட்டியின் ஸ்டவ்வில் இருந்த தோல், வெயிலில் காய்ந்த சுண்டைக்காய் வற்றலைப்போல இறுகிக் கறுத்திருந்தது. நகத்தால் அழுத்தினால் ஓரம் பொடியாக உதிர்ந்தது.

உங்கள் தோல் உதிராமல் வெறுமனே காய்ந்திருந்தால் புதியது வேண்டாம். கம்பியிலிருந்து கழற்றி, விளக்கெண்ணெயில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் ஓரத்தை இரு கட்டைவிரல்களாலும் மெதுவாக வெளிப்பக்கம் விரித்துவிடுங்கள், பூவின் இதழை மலர்த்துவதுபோல. தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஏலகிரி மலைமேல் மார்கழி விடியற்காலையில் அது உறைந்து பம்பை இறுக்கிவிடும்.

புதியது வேண்டுமென்றால் ஸ்டவ் பழுதுபார்க்கும் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. வேலூர் லாங் பஜார் பக்கம் பழைய பாத்திர, இரும்புக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். "பம்பு வாஷர்" என்றால் போதும். பழைய வாஷரைக் கையோடு கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் அளவுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. கிடைக்காவிட்டால் நாமே செய்துகொள்ளலாம். எனக்கு அதுதான் பிடித்த வழி.

தோலைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாமும் இருக்கிறது. இரண்டு வகைப் பதனிடல் உண்டு. ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் ஊறவைத்துப் பதனிடுவது பழைய முறை. குரோமிய உப்பில் பதனிடுவது இன்றைய தொழிற்சாலை முறை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டையில் செருப்பின் மேல்பாகத்துக்கு வெட்டும் தோலில் பெரும்பகுதி குரோம் தோல். அது மென்மையானது, அழகானது, நம் வேலைக்கு மட்டும் ஆகாது. நனைத்து அச்சில் அமுக்கினால் காய்ந்தபின் பழையபடி தட்டையாகிவிடும். பட்டைத் தோல் அப்படியல்ல. ஈரத்தில் கொடுத்த வடிவத்தைக் காய்ந்தபின் விடாது. செருப்பின் அடிப்பாகத்துக்கும் உள்ளுறைக்கும் பயன்படும் தோலில் அதைத் தேடலாம். (குரோம் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று இந்தப் பக்கத்துக் கிணறுகள் சொல்லும், 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு அது. பட்டைத் தோல்மேல் எனக்குள்ள பற்றுக்கு அதுவும் ஒரு காரணம்.)

பார்த்தே பிரித்தறியலாம். துண்டின் வெட்டுவாயைப் பாருங்கள். நடுவில் நீலமோ சாம்பலோ ஓடினால் குரோம். முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். முகர்ந்தால் மரப்பட்டை மணம் அடிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சி அந்த இடம் கறுக்கும்.

பேர்ணாம்பட்டில் தோல் மண்டியில் வேலை பார்த்த என் பெரியப்பா, சாமான் பெட்டியிலிருந்து உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை எடுத்துத் தந்தார். கனம் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. "தண்ணீர் கொதிக்கக் கூடாதுடா, கை பொறுக்கும் சூடு போதும். கொதித்தால் தோல் சுருண்டு எலும்பாகிவிடும்" என்றார். அவர் சொன்னபடியே செய்தேன்.

பம்புக் குழாயின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். என்னுடையது 17 மில்லிமீட்டர். கிண்ணத்தின் சுவர் ஆறு மில்லிமீட்டர் உயரம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 12 கூட்டி, 29 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்டமாக வெட்ட வேண்டும். ஒரு மரக்கட்டையில் 17 மில்லிமீட்டர் துளை போட்டுக்கொள்ளுங்கள். தச்சரிடம் கொடுத்தால் ஒரு நிமிட வேலை. அதற்குள் போக ஓர் உருளைக் குச்சி வேண்டும். அதன் விட்டம், துளையின் விட்டத்திலிருந்து தோல் கனத்தின் இரு மடங்கைக் கழித்த அளவு. எனக்கு 13.

தோல் வட்டத்தை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். முதலில் சிறு குமிழிகள் விடும். குமிழி நின்றால் ஊறியது என்று பொருள். வழவழப்பான பக்கம் குச்சியை நோக்கியிருக்க, துளையின்மேல் நடுவாக வைத்துக் குச்சியால் மெல்ல மெல்ல அழுத்துங்கள். அவசரப்பட்டால் ஓரம் ஒரு பக்கமாக மடிந்து சுருக்கம் விழும். வெளியே எடுத்து விரல்களால் நீவிவிட்டு மறுபடி அழுத்தலாம். குச்சியோடு அப்படியே நிழலில் ஒரு நாள் காயட்டும். வேலூர் வெயிலில் வைக்கத் தோன்றும், வேண்டாம், வெடிக்கும். காய்ந்தபின் மேல்விளிம்பை பிளேடால் சமமாக வெட்டி, அடியின் நடுவில் கம்பிக்குத் துளை போட்டு, விளக்கெண்ணெயில் ஓர் இரவு.

பொருத்தும்போது கிண்ணத்தின் வாய் தொட்டியை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். புதியவர்கள் தலைகீழாகப் பொருத்திவிட்டு, பம்பு பிடிக்கவில்லையே என்று தவிப்பது இங்கேதான். அழுத்தும்போது காற்று கிண்ணத்துக்குள் புகுந்து ஓரத்தைக் குழாயோடு ஒட்டவைக்கிறது. வாய் மேலே இருந்தால் அது நடக்காது. குழாய்க்குள் நுழைக்கும்போது கம்பியைச் சுற்றிச் சுற்றி விடுங்கள். ஓரம் மடிந்தால் கையில் ஒரு சிக்கல் தெரியும். வெளியே எடுத்து மறுபடி நுழையுங்கள்.

மூடி வாஷர்

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். சைக்கிள் ட்யூபிலிருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டிப் போட்டேன். முதல் நாள் அருமையாகப் பிடித்தது. இரண்டு வாரம் கழித்து மூடியைத் திறந்தால், அந்த ரப்பர் எண்ணெய் குடித்து ஊறிய அப்பளம்போல உப்பிப் பிசுபிசுத்திருந்தது. சாதாரண ரப்பர் மண்ணெண்ணெயில் ஊதிவிடும். கடையில் நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். வண்டி இன்ஜின்களுக்கு ஆயில் சீல், ஓ-ரிங் விற்கும் கடைகளில் தகடாகவே கிடைக்கும். வைட்டான் என்ற ரப்பர் கிடைத்தால் இன்னும் மேல், சூடு கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடும். மூடியின் குழிவில் சரியாக உட்காரும் அளவுக்கு வெட்டி, பழைய வாஷரின் கறுத்த மிச்சத்தை முழுவதும் சுரண்டிவிட்டு வையுங்கள்.

தொட்டியின் காற்றழுத்தத்தை வெளியே விடும் காற்றுத் திருகுக்குப் பெரும்பாலும் வாஷர் கிடையாது. உலோகத்தின்மேல் உலோகம் உட்காரும். நுனியைத் துணியால் துடைத்தாலே போதும்.

கசிவுச் சோதனை

தொட்டியில் எண்ணெய் இல்லாத இப்போதே சோதியுங்கள். மூடியை இறுக்கி, காற்றுத் திருகை மூடி, நிப்பிளின் துளையை அடைக்க வேண்டும். பென்சிலின் பின்னால் இருக்கும் அழிப்பானை அதன்மேல் அமுக்கிப் பிடித்தால் நன்றாக அடைபடும். ஐந்தாறு முறை பம்பு அடித்துவிட்டு, ஸ்டவ்வைத் தண்ணீர் வாளியில் முக்குங்கள். குமிழி வரும் இடம்தான் குற்றவாளி.

வாளியில் முக்குவதற்கு முன்பே எங்களுக்கு ஒன்று தெரிந்துபோனது. பம்பு அடித்துக்கொண்டிருந்த அக்கா மகன், "மாமா, கையை எடுத்தால் குமிழ் தானாக மேலே வருகிறது" என்றான். தொட்டியின் காற்று ஒருவழி வால்வைத் தாண்டிப் பம்புக் குழாய்க்குள் திரும்பி வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம். இதை அலட்சியம் செய்யக் கூடாது. எண்ணெய் ஊற்றியபின் அதே வழியாக எண்ணெயும் வரும். எரிகிற ஸ்டவ்வின் பக்கத்தில் பம்பிலிருந்து எண்ணெய் பீறிடும்.

ஒருவழி வால்வு

குமிழ் அசையாமல் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். கசியாத வால்வைக் கழற்றவே கழற்றாதீர்கள். குழாயின் ஆழத்தில் பல வருடம் இறுகியிருக்கும் பித்தளை அது. பொருந்தாத கருவியால் நெம்பினால் தலை வழுவழுவென்று தேய்ந்துவிடும், பிறகு யாராலும் எடுக்க முடியாது.

கழற்ற வேண்டியதானால், குழாய்க்குள் நுழையும் நீண்ட சாவி தேவை. ஸ்டவ் பழுதுபார்ப்பவர்களிடம் இருக்கும். இந்த ஒரு வேலைக்கு அவர்களிடம் போவதே நல்லது. நீங்களே செய்வதானால் டார்ச் அடித்து வால்வின் தலை எப்படி இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப ஓர் இரும்புக் குழாயின் நுனியை அரத்தால் வெட்டிக்கொள்ளலாம். தொட்டியின் அந்தப் பக்கத்தைக் கொதிநீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திருப்பினால் இளகும். தீயில் காட்டவே கூடாது. உள்ளே எண்ணெய் ஆவி இருக்கும்.

வெளியே வந்த வால்வுக்குள் ஒரு சிறு ஸ்பிரிங், அதன் முனையில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய தக்கைத் துண்டோ ரப்பர் துண்டோ இருக்கும். அதன் முகத்தில் ஆழமாக ஒரு வளையத் தழும்பு விழுந்திருந்தால் அதுதான் கசிவு. அதே அளவில் நைட்ரைல் துண்டு வெட்டி, சமமான முகத்தோடு வையுங்கள். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டாதீர்கள். திரும்பப் பூட்டுமுன் நன்றாகத் துடைத்து, பம்புப் பக்கத்து வாயில் உதட்டை வைத்து உறிஞ்சிப் பாருங்கள். உதடு ஒட்டிக்கொண்டால் வால்வு பிடிக்கிறது.

பர்னர்

பொருத்தில் குமிழி வந்தால் மட்டும் பர்னரைக் கழற்றுங்கள். இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று கீழே குழாயை அசையாமல் பிடிக்க, மற்றது பர்னரைத் திருப்ப. ஒற்றை ஸ்பேனரால் திருகினால் குழாய் தொட்டியின் தலையோடு முறுக்கிக் கிழிந்துவிடும். அதற்கு மருந்து கிடையாது. இங்கே ஈய வாஷர்தான், ரப்பர் கருகிவிடும். ஒருமுறை நசுங்கிய ஈயம் மறுபடி பிடிக்காது, புதியது போடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வேறு வேலை.

வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டுவந்த மலையேற்ற ஸ்டவ் வைத்திருப்பவர்களுக்கு: சுடரைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால், அதன் தண்டைச் சுற்றி கிராஃபைட் அடைப்பு ஒன்று கூடுதலாக இருக்கும். அங்கே கசிந்தால் முதலில் அதன் நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். பெட்ரோல் வகை ஸ்டவ்வின் மூடியில் பாதுகாப்பு வால்வு இருக்கும். அதைப் பிரிக்க வேண்டாம், மூடியையே புதிதாக வாங்குங்கள்.

முதல் தீ

வீட்டுக்கு வெளியே, காற்று மறைவில், தரையில் வைத்து ஏற்றுங்கள். பக்கத்தில் ஈரச் சாக்கு ஒன்று இருக்கட்டும். தொட்டியில் முக்கால் பாகத்துக்கு மேல் எண்ணெய் வேண்டாம், மேலே காற்றுக்கு இடம் வேண்டும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பெட்ரோலை ஒரு சொட்டுகூடக் கலக்காதீர்கள். மண்ணெண்ணெயையும் இளப்பமாக எண்ண வேண்டாம். அதன் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் நம் நாட்டுத் தர அளவு. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40ஐத் தாண்டுகிறது. உச்சி வெயிலில் எண்ணெய் ஊற்றுவது ஆபத்து. காலையிலோ மாலையிலோ ஊற்றுங்கள்.

காற்றுத் திருகைத் திறந்து வையுங்கள். பர்னருக்கு அடியில் உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவையுங்கள். அது எரிந்து தீரும் தறுவாயில் காற்றுத் திருகை மூடி, மூன்றே முறை பம்பு அடியுங்கள். நீலச் சுடர் பிடித்து இரையத் தொடங்கினால் இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி. மஞ்சளாக நெடிதுயர்ந்து எரிந்தால் பர்னர் போதுமான சூடு ஏறவில்லை. தயங்காமல் காற்றுத் திருகைத் திறந்து அணைத்துவிட்டு, ஆறியபின் முதலிலிருந்து தொடங்குங்கள். சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நிப்பிளில் தூசு. ‘ஸ்டவ் பின்’ என்ற மெல்லிய கம்பியால் துளையில் ஒரு குத்து. எரியும்போது எண்ணெய் ஊற்றுவது ஒருபோதும் கூடாது.

முதல் பத்து நிமிடம் பம்புப் பக்கமும் மூடிப் பக்கமும் கண் வைத்திருங்கள். அணைந்து ஆறியபின் விரலால் தடவிப் பார்த்து, எங்காவது ஈரம் தட்டினால் அந்த வாஷரை மறுபடி பாருங்கள். ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ கொண்டுபோவதானால் வீட்டில் இரண்டு மூன்று முறை முக்கால் தொட்டி எண்ணெயை எரித்துப் பார்த்த பிறகே கொண்டுபோங்கள். காப்புக்காட்டுக்குள் எரிக்க வேண்டாம்.

திரும்பப் பரணில் வைக்கும்போது எண்ணெயை வடித்துவிட்டு, மூடியை முழுவதும் இறுக்காமல் ஒரு சுற்று தளர்த்தி வையுங்கள், ரப்பர் நசுங்கித் தட்டையாகாது. பம்பின் மேல்மூடியைத் திறந்து நான்கு சொட்டு விளக்கெண்ணெய் விடுங்கள். பொங்கலுக்குப் பரண் துடைக்கும்போது இறக்கி இன்னொரு நான்கு சொட்டு.